மூன்றாம் ஓலை

ஒரு விஷயத்தை வெளியே விடுவதற்குத்தான் தமிழில் எத்தனை சொற்கள்! தெரிவிக்கலாம், உளறலாம், போட்டு உடைக்கலாம், போட்டுக் கொடுக்கலாம். தெரிவிக்க வந்தவருக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள். உளறியவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். போட்டு உடைத்தவரை ரெண்டு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். போட்டுக் கொடுத்தவரை மட்டும் லேசில் விட மாட்டார்கள். வினோலியாவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் அத்துப்படி. அந்தக் கடைசி ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் அவள் செய்திருக்கிறாள். ஆனால் குடும்பத்தில் அவளுக்கு நிலைத்த பெயர் என்னவோ அந்தக் கடைசிதான்.

எல்லாம் அவளுடைய ஏழெட்டு வயதில் தொடங்கியது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கிறிஸ்தவர் வீடுகளில் கறி எடுக்காத நாள். வீட்டில் எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவின் சட்டைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பா மேல பிரியாணி வாசம் அடிக்குது" என்றாள். அவ்வளவுதான். பெரியம்மா ஜெபமாலையை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் வினோலியா காதுபட எதையும் பேசுவதில்லை. அவளுடைய கல்யாணப் பேச்சைக்கூட அவளிடம் கடைசியாகத்தான் சொன்னார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. திண்டுக்கல் நாகல் நகரில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். தொண்டை மட்டும் சின்ன வயதில் இருந்த மாதிரியே கணீரென்று இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் கோவில் அறிவிப்புகளை வாசிக்கிற வேலை பல வருஷமாக அவளுடையது. எந்தத் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துக்கு என்றைக்குக் கூட்டம், யார் பெயரில் பூசை, யாருக்குக் கல்யாணம் என்று எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். ரகசியமே தெரியாத ஒருத்தியிடம் மைக்கைக் கொடுப்பதுதான் பத்திரம் என்று பங்குச் சாமியார் நினைத்திருக்கலாம்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு ரகசியம் வந்து மாட்டிக்கொண்டது. யாரும் சொல்லி வரவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று திடீரென்று ரகசியமாகிவிட்டது.

அவளுடைய சித்தி மகள் கிளாராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பிரிட்டோ, சிறுமலையில் வாழையும் மிளகும் போட்டிருக்கிற பையன். பெண் பார்க்க மலையிலிருந்து ஒரு தார் வாழைப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். வந்தவன் பெண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாக, பழம் நசுங்கிவிட்டதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளாராவுக்கு அங்கேயே பிடித்துப்போனது. உயரம் கம்மி, படிப்பு ஜாஸ்தி, வயசு கூட என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி நாலைந்து இடம் தட்டிப்போன பிறகு வந்த சம்பந்தம் இது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வினோலியா அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எல்லாம் சரி. ஆனால் கிளாராவுக்கு மலைப்பாதை ஆகாது. ஒரு வளைவு திரும்பினால் போதும், வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது, ஏரியைப் பார்க்காமலே திரும்பிய ஒரே பிள்ளை அவள்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாலிதீன் பையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் வினோலியா. சிறுமலைக்குப் போகிற ரோட்டிலோ பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு.

நிச்சயம் முடிந்த அன்றைக்குச் சித்தி அடைக்கலமேரி வினோலியாவை மாதா படத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"இந்தா பாரு வினோ, அவளுக்கு வாந்தி வர்ற சமாச்சாரம் உன் வாயிலருந்து வரக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

"ஏன் சித்தி, சொன்னாத்தான் என்ன? அவுக என்ன மலையையா இடிக்கப் போறாக?"

"மலைக்கு வர முடியாதவள மலைக்காரன் எதுக்குக் கட்டுவான்? இதுவும் தட்டிப்போச்சுன்னா எம்பிள்ள தாங்க மாட்டா."

"கல்யாணம் முடிஞ்சு மேல போகையில தெரியத்தான போகுது?"

"தெரியட்டுமே. கல்யாணத்துக்கு அப்புறம் எத்தன வாந்தி எடுத்தாலும் நல்ல சேதின்னு நெனச்சுக்குவாக." சித்தி இதைச் சிரிக்காமல் சொன்னாள். இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறாளே என்று மலைத்துப்போய் வினோலியா சத்தியம் செய்துவிட்டாள்.

கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது என்று சபைக்கு அறிவிப்பது. கடைசியில் ஒரு வரி வரும்: 'இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.' எத்தனையோ ஜோடிகளுக்கு இந்த வரியை வினோலியா மூச்சு விடாமல் வாசித்துத் தள்ளியிருக்கிறாள். பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவுகிறவர் ஊரைப் பற்றியா யோசிக்கிறார்?

முதல் ஓலையையும் அப்படியே வாசித்தாள். இரண்டாம் ஓலையின்போது 'அறிந்தவர்கள்' என்ற சொல் வந்ததும் யாரோ முதுகில் தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. சமாளித்து முடித்துவிட்டாள். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தையல் மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அந்த வரியே ஓடியது. தெரிவித்தால் கடமை. சித்தியைக் கேட்டால் அதையே போட்டுக் கொடுத்தது என்பாள். விஷயம் ஒன்றுதான், வாய் ஒன்றுதான். பிறகு எங்கே இருக்கிறது வித்தியாசம்?

வியாழக்கிழமை கிளாரா கல்யாண பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்தாள். போன மாதம் எடுத்த அளவைவிட இடுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே பிரிட்டோ போன் செய்தான். வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறோம், வந்து பார் என்று கூப்பிடுகிறான் போல. கிளாரா, "இல்லைங்க, கொஞ்சம் காய்ச்சலா இருக்கு" என்றாள். போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம் என்ன சொன்ன?" என்று கேட்டாள் வினோலியா.

"பல் வலின்னு சொன்னேன்."

"அடுத்த வாரம்?"

"தெரியலக்கா. இனிமே வர்றதுக்கு வியாதியே இல்ல."

"ஏன்டி, அந்தப் பையன் பழம் நசுங்குனதுக்கே அம்புட்டு வருத்தப்பட்டான். உன்னையவா விட்டுருவான்? நீயே சொல்லிரு."

கிளாரா சட்டென்று திரும்பினாள். "அவுக அம்மா என்ன சொல்லுவாகளோ தெரியல. எனக்குப் பயமா இருக்குக்கா. எனக்கு அவரு வேணும். நீ மட்டும் போட்டுக் கொடுத்த, செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்."

அதுதான் வினோலியாவைக் குத்தியது. ஊரே சொல்லலாம், கிளாரா சொல்லலாமா? பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளாயிற்றே அவள்! கண் கலங்கியதை மறைக்க நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "சரிடி, வாயைத் தச்சுக்கிறேன்" என்றாள்.

மூன்றாம் ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டார் துணி எடுக்கத் திண்டுக்கல்லுக்கு வந்தவர்கள், பூசைக்கு நேரே இந்தக் கோவிலுக்கே வந்துவிட்டார்கள். பிரிட்டோ, அவனுடைய அப்பா அருளப்பன், அம்மா வியாகுலமேரி. முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வியாகுலமேரி முகம் வெளிறி, கண்ணை மூடியிருந்தாள். மலைக்காரம்மாவுக்குத் திமிர், சொந்த அண்ணன் வீட்டு நல்லது கெட்டதுக்குக்கூட இறங்கி வர மாட்டாள் என்று சித்தி எங்கிருந்தோ கேட்டு வந்து ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பார்த்தால் வினோலியாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அம்மாள் கைக்குட்டைக்குள் எதையோ பொத்திப் பிடித்து, அடிக்கடி மூக்கருகே கொண்டு போய்க்கொண்டிருந்தாள். கோவில் வாசம்கூட ஆகாது போல என்று நினைத்துக்கொண்டு வினோலியா மைக்குக்குப் போனாள்.

"சவரிமுத்து, அடைக்கலமேரி இவர்களின் மகள் கிளாராவுக்கும், சிறுமலை அருளப்பன், வியாகுலமேரி இவர்களின் மகன் பிரிட்டோவுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது. இது மூன்றாம் ஓலை. இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக..."

அங்கே நின்றுவிட்டாள்.

வேண்டுமென்று நிற்கவில்லை. வாயைத் தைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள் அல்லவா, வாய் அந்த இடத்தில் அப்படியே தைத்துக்கொண்டது. பெண்கள் பக்கத்தில் கிளாரா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு குனிவது தெரிந்தது. யாரோ ஒரு குழந்தை "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டது. சாமியார் பீடத்திலிருந்து மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் வினோலியாவுக்கு உயிர் வந்து, "அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று படபடவென்று முடித்தாள். அதற்குள் கோவில் முழுக்கத் தலைகள் திரும்பிவிட்டன.

பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் அந்த நிறுத்தத்துக்குக் கை கால் முளைத்துவிட்டது. பெண்ணுக்கு வேறொரு பையனோடு பழக்கம் என்றார் ஒருவர். இல்லை, ஏதோ பெரிய வியாதியாம் என்றார் இன்னொருவர். ஏற்கெனவே பதிவுக் கல்யாணம் ஆனவள் என்று மூன்றாவது ஆள் சொன்னபோது, முதல் இருவருமே "அதான பாத்தேன்" என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ரகசியத்தை வெளியே விடாமல் காப்பாற்றியவளுக்குக் கிடைத்த பலன் இது.

சாமியார் இரண்டு குடும்பத்தையும் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வினோலியாவுக்கு மட்டும் உட்காரத் தோன்றவில்லை.

"ஏம்மா, உனக்கு எதுவும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தடை ஒண்ணும் இல்ல சாமி."

"அப்புறம் ஏன் நிறுத்துன?"

"தொண்ட அடச்சுக்கிச்சு."

வினோலியாவின் தொண்டை அடைத்து அந்தப் பங்கில் யாரும் கேட்டதில்லை. சாமியார் நம்பவில்லை. ஆனால் அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். சித்திதான் பொறுக்க முடியாமல் எழுந்து, "சத்தியம் பண்ணிட்டு இப்பிடிப் போட்டுக் கொடுத்துட்டியேடி பாவி!" என்று கத்திவிட்டாள்.

அருளப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனிதர். "ஏம்மா, போட்டுக் கொடுக்கிறதுக்கு அப்ப ஏதோ இருக்குல்ல?" என்றார்.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் வெளியே போனது போனதுதான். சித்தப்பா சவரிமுத்து மனைவியைப் பார்த்த பார்வையில் பச்சை விறகே பற்றிக்கொண்டிருக்கும்.

பிரிட்டோ கிளாராவைப் பார்த்தான். காய்ச்சல், பல் வலி என்று அவள் சொன்னதையெல்லாம் அவன் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவது வினோலியாவுக்கு நன்றாகவே தெரிந்தது. அவன் முகம் சுருங்கியது. "உங்களுக்கு என்னையப் பிடிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டான். "பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

வினோலியாவின் நாக்கு துடித்தது. ஒரு வார்த்தை போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அவள் கிளாராவைப் பார்த்தாள், கிளாரா அவளைப் பார்த்தாள். இதைச் சொல்ல வேண்டிய வாய் எது என்பது அந்த நொடியில் இருவருக்குமே தெரிந்துவிட்டது.

கிளாரா எழுந்தாள். "எனக்கு மலை ஏறுனா வாந்தி வரும்" என்றாள்.

முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மீதியையும் சொன்னாள்.

"ஒரு வளைவுகூடத் தாங்காது. கொடைக்கானலுக்குப் போயும் நான் ஏரியப் பாத்ததில்ல. அதான் ஒவ்வொரு தடவையும் ஒரு வியாதி சொன்னேன். எல்லாமே பொய். உங்களப் பிடிக்கலைன்னு மட்டும் நெனைக்காதீங்க." சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

சாமியாருக்குத்தான் முதலில் அடக்க முடியவில்லை. அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்துச் சவரிமுத்து சிரித்தார். அருளப்பன் நெஞ்சில் கைவைத்து, "அடச்சே, நான் என்னமோ ஏதோன்னு பதறிப்போயிட்டேன்" என்று நாற்காலியில் சாய்ந்தார். பிரிட்டோ முகம் மலர்ந்து, "இம்புட்டுத்தானா? இதுக்கா பல் வலி?" என்றான்.

ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வியாகுலமேரி கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கையிலிருந்த கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே நசுங்கிப்போன ஒரு எலுமிச்சம்பழம்.

"ஏனுங்க," என்று கணவரைக் கூப்பிட்டாள். இத்தனை வருஷம் மலையில் இருந்தும் பழனிப் பக்கத்தில் பிறந்த ஊர் ஆயக்குடியின் பேச்சு அவள் நாக்கிலிருந்து போகவில்லை. "எனக்கும் அதேதானுங்க."

"எது?"

"வாந்தி. வளைவு ஆகாது."

அருளப்பன் சிரிப்பை நிறுத்தினார். "உனக்கா? எப்பருந்து?"

"கல்யாணத்தன்னிக்கு மேல வந்ததிலருந்து. எங்காத்தா சொல்லிச்சுங்க, மலையில கட்டிக்குடுக்கிறோம், வாயத் தொறந்துராத, வாழாவெட்டியா திரும்பி வந்துராதன்னு. அன்னிக்கு வெறும் வயிறுன்னு சொன்னேன். அப்புறம் பித்தம்னு சொன்னேன். அப்புறம் கீழ எறங்கறதையே விட்டுட்டனுங்க. வாழைக்குத் தண்ணி பாய்ச்சணும், மிளகு பறிக்கணும்னு ஏதாச்சும் ஒரு வேல சொல்லிக்குவேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கண்ணன் மக கல்யாணத்துக்குப் போகல. திமிர் புடிச்சவன்னு அவங்க எங்கூடப் பேசறதே இல்ல. எங்காத்தா செத்ததுக்கு வந்தப்ப ரோட்டோரம் உக்காந்து வாந்தி எடுத்தேன். துக்கத்துல எடுக்கறான்னு நெனச்சாங்க. துக்கமும்தானுங்க, ஆனா அது மட்டும் இல்ல."

அருளப்பன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். மனைவியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லிருக்கலாமே மேரி" என்றார். "பொறுமையா நிறுத்தி நிறுத்திக் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு இப்பத் தெரியுது. அப்பத் தெரியலைங்க." பிறகு கிளாராவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "இந்தப் புள்ள கெட்டிக்காரி. எனக்கு ஒரு ஆயுசு ஆச்சு, இவ கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிட்டா."

"நானா சொல்லலைங்க அத்த," என்றாள் கிளாரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அக்கா நிறுத்துனதால சொன்னேன்."

அடைக்கலமேரி சித்தி மேஜையிலிருந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் மகளுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்த வாழ்க்கை அதில் தெரிந்ததோ என்னவோ, அப்புறம் அவள் 'நல்ல சேதி' பேச்சை எடுக்கவே இல்லை.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மலைக்குக் கூட்டிப்போன வேன் வளைவுக்கு வளைவு நின்றது. நின்ற இடத்திலெல்லாம் மாமியாரும் மருமகளும் இறங்கி, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, காற்று வாங்கிவிட்டு ஏறினார்கள். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் என்ன ஏதென்று கேட்டபோது, மாப்பிள்ளை பிரிட்டோவே தலையை வெளியே நீட்டி, "ஒண்ணுமில்லண்ணே, வாந்தி!" என்று பெருமையாகச் சொன்னான். அப்படியும் கிளாரா நாலு தரம் எடுத்தாள். வினோலியா பக்கத்து சீட்டில்தான் இருந்தாள்.

ஏழாம் வளைவிலோ எட்டாம் வளைவிலோ வேன் நின்றபோது, வியாகுலமேரி வினோலியாவைத் தனியே கைப்பிடிச் சுவர் பக்கம் கூட்டிப்போனாள். கீழே திண்டுக்கல் சமவெளி வெயிலில் கிடந்தது. அந்தப் பக்கம்தான் எங்கோ ஆயக்குடியும் அவளுடைய அண்ணன் வீடும்.

"கண்ணு, வர்ற வாரம் எங்கண்ணன் ஊட்டுக்குப் போலாம்னு இருக்கேன். நீயும் கூட வரோணும்."

"நான் எதுக்கு அத்த?"

"நான் ஏன் இத்தன வருசம் வரலைன்னு நீதான் அவங்ககிட்ட எடுத்துச் சொல்லோணும். எனக்குச் சொல்ல வராது. உனக்குத்தான் அதெல்லாம் நல்லா வரும்னு உங்க சித்தி சொன்னாங்க."

வினோலியாவுக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் நிஜமாகவே அடைத்தது. பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் இப்படி ஒரு உதவி கேட்டதில்லை. வாயைத் திறக்காதே என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"நான் வாரேன் அத்த. ஆனா நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்," என்றாள். "நான் கூட உக்காந்து பையப் பிடிச்சுக்கிறேன்."